ஆறு இலட்சம் கையில்: பயணமா, வீட்டு அத்திவாரமா?

சேர்த்த ஆறு இலட்சம் ரூபாயோடு வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் இந்தியா சுற்றவா, அம்மா சொல்வதுபோல வீட்டுக்கு அத்திவாரம் போடவா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள் தம்பி, ஆனால் வேலையை விட வேண்டாம். மூன்று மாத இந்தியப் பயணத்தை மூன்று வாரமாக்கி, ஒன்றரை இலட்சத்தோடு நிறுத்துங்கள்.

“25 வயதில் போகாமல் எப்போது போவது, அம்மா அத்திவாரம் போடச் சொல்கிறா” என்று எழுதியிருந்தீர்கள். இது காசுப் பிரச்சினை மட்டுமில்லை என்று நினைக்கிறேன். 2009இல் வன்னியில் வீடு, மாடு, உழவு இயந்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள். அந்தப் பயம்தான் அம்மாவின் வாயில் அத்திவாரமாக வருகிறது. அவவோடு வாதாடாதீர்கள். அதற்காக வங்கியில் கிடக்கும் காசு முழுப் பத்திரமும் இல்லை; 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறி, ரூபாயின் பெறுமதி விழுந்ததைப் பார்த்தோமே.

புறப்பட முன் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள்: வீட்டுச் செலவு மாதம் எவ்வளவு, நகை ஏதும் அடைவில் இருக்கா, எடுத்த சீட்டுக்கு இன்னும் எத்தனை மாதம் கட்ட வேணும். பயணச் செலவு போக ஆறு மாதச் செலவு மிஞ்சாவிட்டால், சரி, அடுத்த வருசம்.

ஊழியர் சேமலாப நிதியை (சம்பளத்தில் மாதாமாதம் கழித்துச் சேரும் ஓய்வுகாலக் காசு, EPF) நம்பி வேலையை விடும் யோசனை வேண்டவே வேண்டாம். உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் அன்றோடு நின்றுவிடும். சேர்ந்த காசை ஆண்கள் பொதுவாக 55 வயதில்தான் முழுதாக எடுக்கலாம்.

அப்புறம், காங்கேசன்துறையில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதென்றால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள். கடல் குழம்பினால் சேவை நின்றுவிடும்.