மறுமொழி: 32-க்கு 32 பிக்சலில் என் முகச்சாயல் வரவில்லை

உங்களைப் பிக்சல் ஓவியமாக, அதாவது சிறு சதுரப் புள்ளிகளால் ஆன படமாக மாற்ற, புகைப்படத்தை 32-க்கு 32 பிக்சலாகச் சுருக்கியதும் முகம் கலங்கிப்போய், கண்ணாடியும் சுருள்முடியும் கொண்ட உங்கள் சாயலே மறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சுருக்கும்போது மென்பொருள் அண்டை நிறங்களைச் சராசரியாக்கிக் கலந்துவிடுவதால், படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, வெற்றுக் கட்டத்தில் புதிதாக வரைவதே நல்லது.

முதலில் ஒரே நிறத்தில் உருவத்தின் வெளிவடிவத்தை மட்டும் நிரப்பி, மொத்த உயரத்தில் ஏறத்தாழப் பாதியைத் தலைக்குக் கொடுங்கள். இந்த அளவில் மூக்கும் உதடும் பெரும்பாலும் தேவைப்படாது. 1981-இல் வெளியான டாங்கி காங் வீடியோ விளையாட்டில் கதாநாயகன் மாரியோவுக்கு மீசையும் தொப்பியும் வந்ததே, வாயையும் தலைமுடியையும் அத்தனை சிறிய இடத்தில் வரையும் சிரமத்தைத் தவிர்க்கத்தான். அந்த வேலையை உங்களுக்குக் கண்ணாடியும் சுருள்முடியும் செய்யும்: கண்ணாடிச் சட்டத்தை ஒரு பிக்சல் தடிமனுள்ள அடர்நிறக் கோடாக வரைந்து, முடியின் விளிம்பை மேடுபள்ளமாக விடுங்கள், உள்ளே ஒவ்வொரு சுருளையும் காட்ட முயல வேண்டாம்.

தோலுக்கு மூன்று நிறங்கள் போதும். நிழலுக்குக் கறுப்பைக் கலப்பதைவிட நிறத்தைச் சற்றே சிவப்பு அல்லது ஊதாப் பக்கம் நகர்த்துவதையே நான் விரும்புவேன். முடித்தபின் 8 அல்லது 16 மடங்கு என முழு எண்ணில், நிறங்களைக் கலக்காத ‘நியரஸ்ட் நெய்பர்’ முறையில் பெரிதாக்கி, பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் அது விளிம்புகளைக் கெடுத்துவிடும்.