பேடல் கோர்ட்டுக்குக் கட்டிய பேக்கேஜ் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன். நாங்கள் நான்கு நண்பர்கள், மாதவரம் பக்கம் ஒரு பேடல் (டென்னிஸ் மாதிரி நான்கு பேர் ஆடும் ஆட்டம்) கோர்ட்டில் ஆடுகிறோம். மணிக்கு ரூ.1,400 வாடகை. 40 மணி நேரம் மொத்தமாக எடுத்தால் ரூ.40,000 என்றார்கள், என் ஜிபேயிலிருந்து கட்டினேன். 10 மணி நேரம் ஆடியதும், மாலை 6 மணிக்கு மேல் பேக்கேஜ் செல்லாது, மணிக்கு ரூ.500 கூடுதல் என்கிறார்கள். மழையில் போன 2 மணி நேரத்தையும் கழித்துவிட்டார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி தனியாம். மீதிப் பணம் கேட்டால் ‘நோ ரீஃபண்ட்’ போர்டைக் காட்டுகிறார்கள். மீதி நேரத்தை வேறு ஆட்களுக்கு விற்றுவிடலாமா?

பதில்: அந்த போர்டைப் பார்த்து மலைக்க வேண்டாம். நீங்களாக விலகியிருந்தால் அதற்கு ஓரளவு மதிப்பு உண்டு. இங்கே பேச்சு மாறியது அவர்கள். ஒப்புக்கொண்ட சேவையை அப்படியே தராதது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. தராத சேவைக்கான பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு போர்டு போதாது.

ஆனால் பணம் கட்டிய அன்று என்ன சொன்னார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாட்ஸ்அப்பைத் தேடிப் பாருங்கள். ‘காலை ஸ்லாட்டுக்கு மட்டும்’ என்று அதில் இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். நேர வரம்பே இல்லையென்றால், முதல் 10 மணி நேரத்தில் மாலையில் கூடுதல் பணமில்லாமல் ஆடவிட்டார்களா என்று பாருங்கள். ஆடவிட்டிருந்தால் அந்த புக்கிங் செய்திகளே நல்ல ஆதாரம். எதையும் அழித்துவிடாதீர்கள்.

மழை விஷயத்தில், அவர்கள் கோர்ட்டை மூடியிருந்தால் அந்த 2 மணி நேரம் உங்கள் கணக்கில் திரும்ப வர வேண்டும். நவம்பர், டிசம்பரில் சென்னையில் மழை பெய்யும் என்பது கூரையில்லாத கோர்ட் நடத்துபவருக்குத் தெரியாதா என்ன? கோர்ட் திறந்திருந்து, தூறலைப் பார்த்து நீங்கள் போகாமல் இருந்தால் கேட்பது கஷ்டம்.

ஜிஎஸ்டி கேட்டால், ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். அந்த எண் உண்மையானதா என்று ஜிஎஸ்டி இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பதிவு செய்யாதவர் வரி வசூலிக்கவே கூடாது. பதிவு செய்தவராக இருந்தாலும், ரூ.40,000 என்று பேசி வாங்கிவிட்டு, முன்பே சொல்லாத ரூ.7,200-ஐ இப்போது தனியாகக் கேட்பது எடுபடாது.

சரி, எவ்வளவு கேட்பது? பேக்கேஜ் விலையில் மணிக்கு ரூ.1,000. ஆடியது போக 30 மணி நேரம், அதாவது ரூ.30,000. ‘ஆடிய நேரத்துக்கு ரூ.1,400 வீதம் கழிப்போம்’ என்று அவர்கள் சொல்லக்கூடும், அப்படியானால் ரூ.26,000 வரும். ஒப்பந்தத்தை மீறியவர் சலுகையைத் திரும்பப் பிடுங்க முடியாது என்று வாதாடலாம். இருந்தாலும் ரூ.26,000-ஐ உடனே கையில் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். ரூ.4,000-க்காக நுகர்வோர் ஆணையத்துக்கு அலைவது வீண்.

நேரத்தை விற்கும் யோசனையை விட்டுவிடுங்கள். வராத நண்பருக்குப் பதில் இன்னொருவரைச் சேர்த்து வாடகையைப் பங்கு போடுவது வேறு. லாபம் வைத்து விற்றால், ‘இவர் வியாபாரம் செய்கிறார், நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு கிளம்பும். நல்ல வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

இன்னொன்று. பேக்கேஜ் இல்லாமல் ஆடினால் மணிக்கு நான்கு பேருக்கும் தலைக்கு ரூ.350, பேக்கேஜில் ரூ.250. ஆளுக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, உங்கள் ஒருவர் பெயரில் ரூ.30,000 மாட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை தள்ளுபடி குறைந்தாலும் 10 மணி நேர பேக்கேஜே போதும். எந்த ஸ்லாட், எத்தனை மாதம், மழை வந்தால் என்ன, வரி உள்ளேயா வெளியேயா என்பதை வாட்ஸ்அப்பில் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

இப்போதைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலேயே பல நிறுவனங்கள் இறங்கி வருவதுண்டு. அப்புறம் 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்; நீங்களே எழுதலாம். மசியவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட முடியும் என்பதால், நீங்கள் ஆடும் கோர்ட் ஈசிஆரில் இருந்திருந்தாலும் இங்கேயே போடலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

மனுவில் ‘ஒப்பந்தமே நியாயமற்றது’ என்று எழுதிவிடாதீர்கள். அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்று எழுதி, ரூ.30,000-ஐயும் நியாயமான வழக்குச் செலவையும் கேளுங்கள்.