கரீபியன் தீவுகளில் நம்மைப் பார்த்தாலே சூழ்ந்துகொள்வார்களாமே, குடும்பத்தோடு ரிசார்ட்டை விட்டு வெளியே போகலாமா?

போங்கள். கட்டாயம் போங்கள்.

எல்லாத் தீவுகளையும் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. எனக்குத் தெரிந்தது ஜமைக்கா, அதிலும் மான்டிகோ பே. நீங்கள் அநேகமாக அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கிறீர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், குளிருக்குத் தப்பி ஒரு வாரம் போய் வரலாம் என்று பார்க்கிறீர்கள், யாரோ வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பிப் பயமுறுத்திவிட்டார்கள். எங்களுக்கும் அதே கதைதான். டொரண்டோவில் விமானம் ஏறும்வரை "அந்தப் பக்கமெல்லாம் எதுக்குடி?" என்று சொந்தக்காரர்கள் போன் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஸ்கார்பரோவில் எங்கள் அடுத்த வீட்டில் இருப்பது ஜமைக்காக் குடும்பம். என் இரண்டாவது பிரசவத்தின்போது மூத்தவனைத் தங்கள் பிள்ளைபோல் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டதும் தாண்டிப் போக மனம் வரவில்லை.

தனியாகத் தெரிவோமா என்றால், தெரிவோம். என் அம்மா புடவையைத் தவிர வேறு எதுவும் உடுத்தமாட்டார். சுங்குடிப் புடவை, மூக்குத்தி, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். ஹிப் ஸ்ட்ரிப் என்று சொல்லப்படும் கடற்கரைச் சாலையில் இறங்கியதுமே எதிர்ச்சாரியிலிருந்து "மதர்! இந்தியா!" என்று குரல் வந்துவிட்டது. டாக்ஸி வேண்டுமா, தொப்பி வேண்டுமா, கஞ்சா வேண்டுமா என்று பத்தடிக்கு ஒருவர். இந்திய முகம் அவர்களுக்குப் புதிதல்ல. 1845 முதல் 1917 வரை சுமார் 36,000 பேரைத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள்; ஆட்டுக்கறிக் குழம்பு இன்று அவர்கள் வீட்டு விசேஷச் சாப்பாடு. புடவைதான் புதிது.

அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் எதிர்ப்பட்ட ஒவ்வொருவருக்கும் நின்று, சிரித்து, "குட் மார்னிங்" சொன்னார். அந்த ஊரில் அதுதான் எல்லாம். வணக்கம் சொல்லாமல் எடுத்த எடுப்பில் விலை கேட்பதும், தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போவதும் அவர்களுக்கு அவமரியாதை. அம்மா வணக்கம் சொன்னதும், வற்புறுத்திக்கொண்டிருந்தவரே "குட் மார்னிங், மதர்" என்று ஒதுங்கி வழிவிட்டார். ஹார்பர் ஸ்ட்ரீட் கைவினைச் சந்தையில் ஒரு கடைக்கார அம்மா, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் முந்தானையைத் தொட்டார். நாங்கள் எதுவும் வாங்கவில்லை. அதற்காக முகம் மாறவில்லை. ஹோட்டலிலேயே சாப்பாடு, பானம், பொழுதுபோக்கு எல்லாம் கிடைத்துவிடுவதால் யாரும் சந்தைப்பக்கம் வருவதில்லை என்று வருத்தப்பட்டார்.

நீங்கள் சொல்லும் அந்தச் சூழ்ந்துகொள்ளலுக்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் வாங்கிக்கொள்ளும் ஹோட்டல்கள் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டன. அங்கே கடற்கரைக்கே 1956-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி கடலோரம் அரசுடையது, அனுமதி பெற்றவர்கள் பயன்படுத்தலாம். பொதுமக்களுக்கு இறங்கிக் குளிக்கப் பொதுவான உரிமை கிடையாது. பிறந்த ஊர்க் கடலில் கால் நனைக்கவே காசு கொடுக்கவேண்டிய நிலை பல இடங்களில். இதை எதிர்த்து ஜமைக்கா மக்கள் இப்போது நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். சுவருக்கு வெளியே நாம் நடக்கும் அந்தச் சிறு தூரத்தில்தான் அவர்கள் அன்றைய பிழைப்பைப் பார்த்தாகவேண்டும். குரல் உயராமல் என்ன செய்யும்?

வெளிநாட்டவர் என்றால் அமெரிக்க டாலரில் விலை சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் இங்கே வரிந்துகட்டி எழுதுவார்கள். மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாய் டிக்கெட், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். அதை நாம் ஏமாற்று என்று சொல்வதில்லையே.

குற்றமே இல்லாத ஊர் என்று நான் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் மான்டிகோ பே இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் அவசரநிலையே அறிவித்தார்கள். போகக்கூடாத பேட்டைகள் உண்டு. விடுதி ஊழியர்களைக் கேட்டால் பெயர் சொல்லியே எச்சரிப்பார்கள். இருட்டிய பிறகு நாங்கள் நடக்கவில்லை.

அப்பாவுக்குப் பேச்சுத்துணை டாக்ஸி ஓட்டுநர். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். 1976 கிங்ஸ்டன் டெஸ்டில் ஹோல்டிங் முதலான வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர்களின் பந்துகளில் சிலரும் ஃபீல்டிங்கில் சிலரும் அடிபட்டு, ஐந்து பேர் ஆடமுடியாத நிலையில் இந்தியா 97 ரன்னில் முடித்ததை இவர் ரேடியோவில் கேட்டவர், அவர் சபைனா பார்க் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர். வழியெல்லாம் அதே பேச்சு. வண்டி நின்ற பிறகும் அப்பா இறங்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: பெற்றோருக்கு எடுத்த காப்பீடு கனடாவுக்கு வெளியே செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு விற்ற முகவர் வாய்வார்த்தையாக "எங்கேயும் செல்லும்" என்றார். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி மருத்துவரிடம் போனோம். திரும்பி வந்து கேட்டபோது, அப்படி யாரும் சொல்லவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வயதானவர்களின் பயத்தை வைத்துக் காசு பார்ப்பது அந்தத் தெருவோர வியாபாரிகள் அல்ல, இவர்கள்தான். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சைவம் கிடைக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ராஸ்தஃபாரி என்ற சமயத்தைப் பின்பற்றும் மக்கள் நடத்தும், ஐட்டல் எனப்படும் அவர்களுடைய இயற்கைச் சாப்பாட்டுக் கடைகளைத் தேடிப் போங்கள். பெரும்பாலும் மீன், இறைச்சி இருக்காது. எங்களுக்குக் கலாலூ என்ற கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். அம்மா ஒரு வாய் எடுத்ததுமே, "இது நம்ம குப்பைக்கீரைடி" என்றார். உண்மைதான், அதே இனம். சமைத்தவரைக் கூப்பிட்டு, கடுகும் வற்றலும் தாளித்துப் பார்க்கச் சொல்லி என்னை மொழிபெயர்க்க வைத்தார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சமைக்காத ஒரு கட்டுக் கீரையை எடுத்து வந்து காட்டினார். ரிசார்ட்டில் இருந்த அத்தனை நாளும் அம்மா வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

சிவப்பு நம்பர் பிளேட் உள்ள டாக்ஸியில் மட்டும் ஏறுங்கள், ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள், ஜமைக்கா டாலர் சில்லறை நோட்டுகளாகக் கையில் இருக்கட்டும். ஐட்டல் சமையலில் பலர் உப்பே சேர்க்கமாட்டார்கள். சீல் பிரிக்காத ஊறுகாய் பாட்டில் ஒன்று எடுத்துப் போங்கள்.