கெய்னைக் குறையுங்கள்: த்ராஷ் ரிதம் கிட்டார் கேள்வி பதில்

பர்மாவின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் அமெரிக்க த்ராஷ் மெட்டல் (வேகமும் கடுமையும் கொண்ட ராக் இசை) குழுவான மெட்டாலிகாவின் 1986 ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பற்றியவை. அதையே வைத்துப் பேசுவோம்.

மோல்மேனிலிருந்து: அண்ணே, ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்) கெய்னை, அதாவது ஒலியை உடைக்கும் டிஸ்டார்ஷனின் அளவை, 10-இல் வைத்தும் அந்தச் சத்தம் வரவில்லை. கொழகொழவென்று இருக்கிறது.

10-இல் வைத்ததால்தான் தம்பி. அந்த ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தைக் கம்பிமேல் வைத்து அடிப்பது) ஒவ்வொன்றும் ‘ஜக் ஜக்’ என்று வெட்டி நிற்கும். கெய்ன் கூடினால் அந்த வெட்டு போய்விடும். 5-க்கு இறக்கிவிட்டுக் கையால் அழுத்தி அடியுங்கள். அந்தக் கனம், மெட்டாலிகாவின் ரிதம் கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஒரே ரிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கியதால் வந்தது. நீங்களும் இரண்டு தடவை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் முழுசாகத் தள்ளுங்கள். ஒரே டேக்கைக் காப்பி பண்ணினால் சத்தம்தான் கூடும், அகலம் வராது.

யாங்கோனிலிருந்து: மெசா பூகி மார்க் டூ சி பிளஸ் ஆம்பைக் கணினியில் போலச் செய்யும் பிளகின் வைத்திருக்கிறேன். பேஸை ஏற்றினால் குழம்புகிறது, இறக்கினால் சப்பென்று இருக்கிறது. என்ன செய்ய?

நல்ல கேள்வி, இதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த ஆல்பத்தில் ஒலிப்பதும் அந்த ஆம்ப்தான். அதில் பேஸ், மிடில், ட்ரெபிள் திருகுகள் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருக்கின்றன. அங்கே பேஸை ஏற்றினால் அந்தப் பேஸும் சேர்ந்து உடைந்து சேறாகிவிடும். அதனால் பேஸை 1-இலோ 2-இலோ வையுங்கள், ட்ரெபிளை 7-க்கு மேல் கொண்டுபோங்கள். மெலிந்துதான் கேட்கும், பயப்படாதீர்கள். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ் என்று ஐந்து ஸ்லைடர்கள் உண்டு. அங்கே 80-ஐ ஏற்றி, 750-ஐ இறக்கி, 6600-ஐக் கொஞ்சம் ஏற்றுங்கள். இழந்த அடிச்சத்தம் சுத்தமாகத் திரும்பி வரும்.

பெகுவிலிருந்து: என்னிடம் சின்ன ட்ரான்சிஸ்டர் ஆம்ப்தான் இருக்கிறது அண்ணா.

போதும்மா. டியூப் ஸ்க்ரீமர் மாதிரிப் பச்சை ஓவர்டிரைவ் பெடல் (காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி) ஒன்றை ஆம்புக்கு முன்னால் போட்டு, டிரைவை 0-வில், லெவலை முழுசாக வையுங்கள். அந்த சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தணித்துத்தான் ஆம்புக்கு அனுப்பும். டிஸ்டார்ஷனுக்கு முன்பே பேஸைக் குறைப்பது என்று மேலே சொன்ன அதே தத்துவம்தான்.

மறுபடியும் யாங்கோன்: மிட்டை, அதாவது நடு அலைவரிசையை, முழுக்க எடுத்துவிடலாமா?

அறையில் தனியாக வாசிக்கும்போது ஜோராக இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும். பாதி இறக்கினால் போதும்.

தட்டோனிலிருந்து: ஜெனரேட்டர் ஓடும்போது ஒரே இரைச்சல்.

லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, யூஎஸ்பியில் ஓடும் ஆடியோ இன்டர்ஃபேஸில் ரெக்கார்ட் பண்ணுங்கள், பெருமளவு அடங்கும். மிச்சத்துக்கு நாய்ஸ் கேட் (வாசிக்காத நேரத்தில் சத்தத்தை அடைக்கும் கருவி). ஒன்று முக்கியம்: கம்பியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்தால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று எர்த் பின்னை மட்டும் ஒருநாளும் வெட்டாதீர்கள்.

அதே தட்டோன் தம்பி: எல்லாமே டவுன்ஸ்ட்ரோக்தானா, அதாவது கீழ்நோக்கிய அடிதானா?

பெரும்பாலும் ஆமாம். ஆல்பத்தின் பெயரிலேயே உள்ள பாட்டு சுமார் 212 பிபிஎம் (நிமிடத்துக்கு 212 பீட்), ஒரு பீட்டுக்கு இரண்டு அடி என்றால் நொடிக்குச் சுமார் ஏழு அடி. மேலும் கீழுமாக அடித்தால் வேகம் வரும், அந்தக் கடுமை வராது. 150-இல் தொடங்குங்கள். முன்கை இறுகினால் நிறுத்திவிட்டு, மணிக்கட்டைத் தளர்த்தி மறுபடி ஆரம்பியுங்கள்.