மகனை 'நெர்டு' என்கிறார்களா?

வணக்கம் சகோ. மஞ்சக்குப்பத்தில் ஒன்பதாவது படிக்கும் மகன் வியாழன் கிரகத்தைப் பற்றியே பேசுவதால் வகுப்பில் 'நெர்டு' (ஒரே விஷயத்தில் மூழ்கிக் கிடப்பவன் என்ற கேலி) என்கிறார்கள், பையன் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

1951-ல் அமெரிக்காவின் நியூஸ்வீக் இதழ் இந்தச் சொல்லை டெட்ராய்ட் நகரப் பேச்சுவழக்காகக் குறிப்பிட்டபோது, சுவாரஸ்யமில்லாத ஆள் என்றுதான் பொருள். நம்மூர் 'படிப்ஸ்' வேறு, அது மார்க்கைக் குத்திக்காட்டுவது. உங்கள் பிள்ளையிடம் இருப்பது ஆசை. அதைக் குறைக்கச் சொல்லிவிடாதீர்கள்.

சொல்வதைவிடக் காட்டுவது எடுபடும். வியாழன் தெரியும் மாதத்தில் இரண்டு நண்பர்களோடு கடலூர் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போங்கள். 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 50 மி.மீ.) போதும். கையில் பிடித்தால் ஆடி, எல்லாம் கோடாக இழுபடும். ஸ்டாண்டில் பொருத்துங்கள், கிரகத்தை ஒட்டி நான்கு நிலவுகள் வரை ஒரே வரிசையில் புள்ளியாக நிற்கும். மறுநாள் இடம் மாறியிருக்கும், அதையும் வரையச் சொல்லுங்கள்.

ஒரே பையன் தினமும் சீண்டினால், தேதி குறித்துவைத்து வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்.