போட்டிக் குழுக்கள் சேர்ந்து ஒரே கோடெக்கை உருவாக்குவது எப்படி?

வீடியோ, ஆடியோ ஸ்ட்ரீமிங்கில் ஆளுக்கொரு தொழில்நுட்பம் வைத்திருக்கும் ஆய்வுக் குழுக்கள் ஏன் கூடி வேலை செய்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ஒலியையும் படத்தையும் சுருக்கி, பிறகு விரிக்கும் முறைதான் கோடெக். ஒரு முனையில் சுருக்கி அனுப்புவதை மறுமுனையில் எந்தக் கருவியாலும் விரிக்க முடிய வேண்டும். அதற்குப் பொதுத் தரம் வேண்டும். அதைத் தனியாளாக நிலைநிறுத்துவது கடினம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஓபஸ் என்ற ஆடியோ கோடெக். ஸ்கைப் குழுவிடம் சில்க் என்ற கோடெக் இருந்தது. பேச்சைக் கொஞ்சம் பிட்களிலேயே அடக்கிவிடும், ஆனால் இசைக்கு அவ்வளவாக ஒத்துவராது. திறமூல ஊடகத் தொழில்நுட்பங்களை உருவாக்கும் ஸிஃப் குழுவின் செல்ட் என்ற கோடெக்குக்கு இசை நன்றாக வரும், தாமதமும் குறைவு. பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) மிகவும் இறங்கினால் பேச்சில் திணறும். சரி, இரண்டையும் ஒட்டவைத்தால் போதுமா? போதாது. கலப்பு முறையில் 8 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை சில்க், அதற்கு மேல் செல்ட் என்று வேலையைப் பிரித்தார்கள். இரண்டின் தரவும் ஒரே தரவுப் பொட்டலத்தில் (பாக்கெட்) போகும். இதற்காகச் சில்க்கை அதன் பழைய வடிவத்தோடு பொருந்தாத அளவுக்கு மாற்றினார்கள். தன் படைப்பைப் பிறர் பிரித்துக் கோக்க விடுவதுதான் உண்மையான ஒத்துழைப்பு என்பேன். 2012இல் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு ஓபஸைத் தரமாக வெளியிட்டது.

வீடியோவிலும் இப்படித்தான். 2018இல் வந்த ஏவி1 என்ற வீடியோ கோடெக், மூன்று முயற்சிகளிலிருந்து பிறந்தது: கூகுளின் விபி10, மொஸில்லாவும் ஸிஃப்பும் வளர்த்த டாலா, சிஸ்கோவின் தோர். படத்தின் விளிம்புகளைச் சுற்றித் தெரியும் சிற்றலைகளைத் துடைக்கும் அதன் வடிகட்டியில், டாலாவின் உத்தியும் தோரின் உத்தியும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.