கேட்பவருக்குச் சொல்ல: அன்றாடச் சாட்சி பற்றிய கேள்வி பதில்

விசுவாசத்தை அன்றாட வாழ்வில் எப்படிப் பகிர்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, ஆபீஸில் இயேசுவைப் பற்றிப் பேச்செடுக்கவே வழியில்லை. சும்மா இருக்கவும் மனசு உறுத்துகிறது. என்ன செய்வது?

பதில்: பேச்சை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது, தம்பி? நம் நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு (1 பேதுரு 3:15). முதலில் அவர்கள் கேட்கிறார்கள், கவனித்தீர்களா? விசுவாசத்துக்காக ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அந்த நிலைமையிலும் அவர்களிடம் நம்பிக்கை தெரிந்ததால்தான் கேள்வி வந்தது.

மீட்டிங்கில் மேலாளர் உங்கள் அறிக்கையைப் பாராட்டுகிறார் என்று வையுங்கள். அதில் பாதி வேலை புதிதாகச் சேர்ந்த பையனுடையது. அவன் கடைசி வரிசையில் லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். "சார், கணக்கெல்லாம் போட்டது இவர்தான்" என்று அங்கேயே, எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அப்புறம், இடைவேளையில் அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சு ஓடினால் அதில் சேராதீர்கள். ஒருநாள் யாராவது "நீங்க மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்கலாம். அப்போது கூச்சப்படாமல் இயேசுவின் பெயரைச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் போதும், பிரசங்கம் வேண்டாம்.

கேள்வி: 'சுவிசேஷத்தைப் பிரசங்கி, தேவைப்பட்டால் மட்டும் வார்த்தைகளைப் பயன்படுத்து' என்று இத்தாலியத் துறவி அசிசியின் பிரான்சிஸ் சொன்னாராமே? அப்படியானால் வாய் திறக்கவே வேண்டாமா?

பதில்: அந்த வாசகம் அவர் எழுதிய எதிலும் இல்லை. அவரே ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தவர். ஆனால் 1221-ல் தன் துறவிச் சகோதரர்களுக்கு அவர் தந்த ஒழுங்கில், அதாவது வாழ்க்கை விதிகளில், எல்லாரும் செயலால் பிரசங்கிக்கட்டும் என்று ஒரு வரி உண்டு. முஸ்லிம்கள் நடுவே வாழப் போகிறவர்களுக்கு அதே ஒழுங்கு இரண்டு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, வாக்குவாதத்துக்குப் போகாமல், கடவுளுக்காக எல்லாருக்கும் பணிந்து நடந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்வது. மற்றது, கடவுளுக்குச் சித்தம் என்று தெரியும்போது வசனத்தை அறிவிப்பது. சிலுவைப் போர்க் காலத்தில் எழுதியது இது! 1219-ல் எகிப்தில் சுல்தான் அல்-காமிலை நேரில் சந்தித்துவிட்டு வந்தவர் எழுதியது.

அந்த முதல் வழியில்கூட 'நான் கிறிஸ்தவன்' என்ற பேச்சு இருக்கிறது. நல்லவராக மட்டும் வாழ்ந்து, காரணத்தைக் கடைசிவரை சொல்லாமல் விட்டால், பெயரெல்லாம் நமக்கே வந்து சேரும். ஆண்டவருக்குப் போகாது.

கேள்வி: என் கணவர் விசுவாசி இல்லை. தினமும் சொல்லிப் பார்க்கிறேன், சண்டையில்தான் முடிகிறது.

பதில்: கொஞ்ச காலம் சொல்வதை நிறுத்துங்கள், சகோதரி. 1 பேதுரு 3:1 உங்களைப் போன்ற பெண்களுக்கு எழுதியதுதான். போதனையின்றி நடக்கையினாலேயே கணவரை ஆதாயப்படுத்தலாம் என்கிறது. பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகர் அகுஸ்தீனின் தாய் மோனிக்காவின் கணவர் பத்ரீசியுஸ் முன்கோபி, மனைவிக்கு உண்மையாகவும் இருக்கவில்லை. அவர் கோபமாக இருக்கும்போது மோனிக்கா எதிர்த்துப் பேசமாட்டார், தணிந்த பிறகு தன் பக்கத்தை விளக்குவார் என்று மகனே எழுதியிருக்கிறார். வாழ்வின் கடைசிக் காலத்தில் பத்ரீசியுஸ் விசுவாசத்துக்கு வந்தார்.

ஆனால் ஒன்று. அடிக்கிற கணவரைச் சகித்துக்கொண்டிருப்பதுதான் சாட்சி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அங்கே முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள்.

கேள்வி: எனக்குச் சட்டென்று கோபம் வரும். பிள்ளைகளிடம் கத்திவிடுகிறேன். என்னைப் பார்த்து யார் இயேசுவை நம்புவார்கள்?

பதில்: கத்திய பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா கத்தினது தப்பு, மன்னிச்சிடு" என்று சொல்லுங்கள். "ஆனா நீயும்..." என்று இழுக்காதீர்கள். வரி வசூலித்துப் பணக்காரரான சகேயுவைப் பாருங்கள். அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு முன் அவர் நல்லவராக இருந்தார் என்று லூக்கா எங்கும் எழுதவில்லை.

கேள்வி: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் வசனம் வைக்கிறேன். இது சாட்சியாகுமா?

பதில்: வையுங்கள், நல்லதுதான். அதைப் பார்ப்பவர்களில் உங்களுக்குக் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் யாராவது இருந்தால், அவருக்கு முதலில் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: சபை மூலம் உதவி செய்யும்போது, 'ஆராதனைக்கு வாருங்கள்' என்று சேர்த்துச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். உதவி வாங்குகிறவரால் நம் அழைப்பை மனம்விட்டு மறுக்க முடியாது. அப்படி ஒரு சங்கடத்தில் ஒருவரை நிறுத்தக் கூடாது. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தில் பகோமியுஸ் என்ற இளைஞரைக் கட்டாயமாகப் படைக்குப் பிடித்து அடைத்து வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் சிலர் உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். முன்பின் தெரியாத நமக்கு ஏன் இதைச் செய்கிறார்கள் என்று அவர்தான் விசாரித்தார். கிறிஸ்தவர்கள் என்று பதில் வந்தது. படையிலிருந்து விடுபட்டதும் அவர் ஞானஸ்நானம் பெற்றார். துறவிகள் கூடி வாழும் மடங்களுக்கு அடித்தளம் போட்டவர் அவர்தான்.

கேள்வி: பல வருஷமாக என் நண்பருக்காக ஜெபிக்கிறேன். ஒரு மாற்றமும் இல்லை. நான் தோற்றுவிட்டேனா?

பதில்: இல்லை. பிரெஞ்சுக் குருவானவர் சார்ல்ஸ் தெ ஃபூக்கோ 1905 முதல் சகாரா பாலைவனத்தில், தமன்ராசெட் என்ற ஊரில், துவாரெக் என்ற முஸ்லிம் மக்களோடு வாழ்ந்தார். அவர்கள் மொழிக்குப் பெரிய அகராதியே தொகுத்தார். 1916 டிசம்பர் 1 அன்று கொல்லப்பட்டபோது, அவரால் மனம் மாறியவர்கள் அங்கே ஏறக்குறைய யாருமில்லை. 2022-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. எனக்கு அவர் வாழ்வில் மிகவும் பிடித்தது 1908-ல் நடந்தது. அவர் நோயில் விழுந்தார். கடும் பஞ்சத்திலும் ஆட்டுப்பாலைத் தேடித் திரட்டிக் கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தது அந்த முஸ்லிம் மக்கள்தான்.

நீங்களும் உங்கள் நண்பரிடம் ஏதாவது உதவி கேட்டுப் பாருங்கள். அவர் விசுவாசத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் நட்பு அப்படியேதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியட்டும். ஜெபத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.